இருபத்திரண்டு டம்ளர்களும் இருபத்தொரு பேரும்

என் பிரிவுபசார விருந்தில் மூன்று பேர் பேசினார்கள். மூன்று பேரும் பொலிவியப் பாலைவனத்தில் பயணி ஒருவரை விட்டுவிட்டு வந்த கதையைச் சொன்னார்கள். மூன்று பேரும் அது வெள்ளிக்கிழமை நடந்தது என்றார்கள். அது புதன்கிழமை. பயணத்தின் பதினாறாம் நாள். ஒருவர் அந்தப் பாலைவனத்தைச் சிலி நாட்டுக்குள் கொண்டுபோய் வைத்தார். இன்னொருவர் என்னை ஒட்டகத்தின் மேல் ஏற்றித் தேட அனுப்பினார். தென் அமெரிக்காவில் ஒட்டகம் கிடையாது. அதன் ஒன்றுவிட்ட உறவான லாமா உண்டு. என் எடைக்கு அது எழுந்தே நிற்காது.

விருந்து முடிந்து கை கழுவும் இடத்தில், புதிதாக டூர் மேனேஜர் வேலையில் சேர்ந்திருக்கும் இரண்டு பேர் என்னிடம் வந்தார்கள். இப்போதெல்லாம் பயணிகளின் மணிக்கட்டில் ஒரு பட்டை கட்டிவிடுகிறார்களாம். யார் எங்கே நிற்கிறார்கள் என்பது கைப்பேசியில் புள்ளியாகத் தெரியுமாம். "இதெல்லாம் இல்லாத காலத்துல ஆள் யாரும் மிஸ் ஆகாம எப்படி சார் மேனேஜ் பண்ணீங்க?" என்று கேட்டார் ஒருவர். "டம்ளரை வைத்து" என்றேன். இருவரும் மரியாதைக்குச் சிரித்துவிட்டுப் போனார்கள். நான் சொன்னது வேடிக்கை அல்ல என்பதைப் பதிவு செய்யத்தான் இதை எழுதுகிறேன். பயணத்துக்கு ஒன்றாக நாட்குறிப்புகள் என்னிடம் இருக்கின்றன. பயணிகளின் பெயர்களை மாற்றியிருக்கிறேன். கிழமையும் மணியும் மாற்றப்படவில்லை.

நான் பெங்களூர் அல்சூரில் பிறந்து வளர்ந்தவன். இருபத்தேழு ஆண்டுகள் ஒரே சுற்றுலா நிறுவனத்தில் வேலை பார்த்தேன். முதல் ஆறு ஆண்டுகள் ஹம்பி, பாதாமி, ஜோக் அருவி. பிறகு காசி, நேபாளம். பிறகு பாஸ்போர்ட்டில் முத்திரை குத்த இடமில்லாமல் போகும் அளவுக்கு அலைச்சல். கற்றுக்கொண்ட ஆண்டுகளைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. எல்லோரையும் போல நானும் சூட்கேஸ் தூக்கித்தான் தொழில் பழகினேன்.

எங்கள் ஆபீஸ் மல்லேஸ்வரத்தில் ஒரு ஹார்ட்வேர் கடையின் மாடியில் இருந்தது. அங்கே எல்லாப் பயணங்களையும் திட்டமிட்டவர் கோபாலசாமி சார். ஐந்து கண்டங்களின் சாலைகளும் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். அவரிடம் பாஸ்போர்ட் கிடையாது. ஒரு முறை திருப்பதிக்குப் போனபோது தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்பதால் அதன் பிறகு மாநில எல்லையைத் தாண்டவில்லை. அவர் மேஜைக்கு எதிர்ச்சுவரில் லிமா, லா பாஸ், நைரோபி என்று எழுதிய கடிகாரங்கள் ஓடிக்கொண்டிருக்கும். அவர் யாரிடமும் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. அதனாலேயே அவரிடம் எல்லோருக்கும் பயம்.

ஒவ்வொரு பயணத்துக்கு முன்பும் டூர் மேனேஜரை எதிரில் உட்காரவைத்துத் தேர்வு நடத்துவார்.

"மிஸ்டர் குமாரவேலு, நீங்க டிடிகாகா ஏரிக்கரையில நிக்கறீங்க. உங்க இடது பக்கம் என்ன இருக்கு?"

"மலை சார்."

"மலைக்கு முன்னாடி?"

"மீனவர் குடிசை சார்."

"அதுக்கும் முன்னாடி?"

நான் விழிப்பேன்.

"கக்கூஸ், மிஸ்டர் குமாரவேலு. நீலக் கதவு. உள்ளே தாழ்ப்பாள் இல்லை, வெளியில ஒருத்தர் நிக்கணும். மலை எங்கேயும் போகாது. பாசஞ்சர் அவசரம் காத்துக்கிட்டு இருக்காது."

போய்ப் பார்த்தால் நீலக் கதவு இருக்கும். தாழ்ப்பாள் இருக்காது.

டம்ளர் முறையைக் கொண்டுவந்தவர் அவர்தான். அதற்குக் காரணம் ஒரு ஹம்பி பயணம். அப்போதெல்லாம் பஸ் கிளம்பும் முன் பயணிகள் வரிசையாகத் தங்கள் எண்ணைச் சொல்ல வேண்டும். ஹொசபேட்டையில் முப்பத்து நான்கு எண்களும் சரியாகக் கேட்டன. இருபத்தேழாம் எண்ணை அவருடைய நண்பர் நல்லெண்ணத்தில் சொல்லியிருக்கிறார், பின்னால் ஓடி வந்துகொண்டிருப்பார் என்ற நம்பிக்கையில். நாங்கள் பெங்களூர் வந்து சேர்ந்தபோது, இருபத்தேழாம் எண் எங்களுக்கு முன்பே ரயிலில் வந்து, ஆபீஸ் வாசலில் கோபாலசாமி சாரோடு நின்று காபி குடித்துக்கொண்டிருந்தார். சார் என்னைப் பார்க்கவில்லை. அந்தப் பயணியின் கையில் இருந்த டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறு வாரம் விதி வந்தது. தலைகளை எண்ணுவது கூடாது. நம்மவர்களுக்கு அது பிடிப்பதுமில்லை. 'ஆடு மாடா நாங்க?' என்பார்கள். கண் படும் என்பார்கள். ஆகவே ஒவ்வொரு பயணிக்கும் பெயர் வெட்டிய ஒரு எவர்சில்வர் டம்ளர். எங்கே வண்டி நின்றாலும் கிளம்பும் முன் காபி. குடித்து, கழுவி, மரப்பெட்டியில் தன் பெயருள்ள குழியில் வைக்க வேண்டும். ஒரு குழி காலியாக இருந்தாலும் பெட்டியைப் பூட்டக் கூடாது. பெட்டியைப் பூட்டாமல் வண்டியை எடுக்கக் கூடாது.

"காபியை விட்டுட்டு நம்ம ஜனங்க யாரும் எங்கேயும் போக மாட்டாங்க" என்றார் சார். "எண்ணைச் சொல்ல ஆளுக்கு ஆயிரம் பேர் வாய் குடுப்பாங்க. டம்ளர் தானா வந்து பெட்டியில உக்காராது."

ஒன்பது ஆண்டுகள் இந்த முறையில் ஒரு பயணியைக்கூட நாங்கள் இழக்கவில்லை. இதையும் நான் பதிவு செய்ய வேண்டும்.

இனி அந்தப் பயணம். இருபத்தொரு நாள், பெருவின் காடு, ஆண்டீஸ் மலை, பொலிவியாவின் உப்பு வெளியும் பாலைவனமும். இருபத்திரண்டு பயணிகள். அவர்களில் ஒன்பது ஜோடி. பெரும்பாலும் அரசு வேலையிலோ வங்கியிலோ ஓய்வு பெற்றவர்கள். நான். சமையலுக்கு விவேக் நகர் அந்தோணி. குழந்தை ஏசு படத்தைக் குக்கர் மூடியின் உட்புறம் ஒட்டிவைத்துக்கொண்டு, வெங்காயம் பூண்டு இல்லாமல் ஐயங்கார் வீட்டுப் புளியோதரை செய்யக்கூடியவர். அங்கே எங்களோடு சேர்ந்துகொண்ட பொலிவிய வழிகாட்டி எட்வின், ஆங்கிலம் நன்றாகப் பேசுவார்.

பயணிகளில் ஒருவர் மல்லேஸ்வரத்து நரசிம்மன் சார். நில அளவைத் துறையில் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர், வயது அறுபத்தொன்பது. எதைப் பார்த்தாலும் அளப்பார். விமானத்தின் நடைபாதையையே காலால் அளந்து, கம்பெனிக்காரன் சொன்னதற்கு அரை அடி குறைகிறது என்று பணிப்பெண்ணிடம் தெரிவித்தவர். அவருடைய மனைவி பங்கஜம் மாமி. நல்ல தைரியசாலி.

ஐந்தாம் நாள், சனிக்கிழமை, காட்டுக்குள் ஒரு ஏரியில் படகில் போனோம். படகுக்காரர் எல்லோர் கையிலும் ஒரு தூண்டிலைக் கொடுத்தார். யாருக்கும் எதுவும் சிக்கவில்லை. காலை ஒன்பதே முக்காலுக்கு, பிறந்ததிலிருந்து முட்டைகூடத் தொடாத பங்கஜம் மாமியின் தூண்டிலில் ஒரு பிரானா மீன் மாட்டியது. பல்லைக் காட்டிக்கொண்டு துள்ளிய மீனைத் தூக்கிப் பிடித்து மாமி, "ஏன்னா, பாருங்கோ! பாருங்கோ!" என்று கத்தினார். படகே கைதட்டியது. மீனைத் திரும்பத் தண்ணீரில் விட்டுவிட்டார்கள். மாமியின் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

நரசிம்மன் சார் அன்று மாலையே தங்கும் விடுதியின் போனிலிருந்து மல்லேஸ்வரத்துச் சாஸ்திரிகளைக் கூப்பிட்டு, எல்லோர் காதிலும் விழும்படி, "மீனுக்கு வாயில ரத்தம் வந்துது. அதுக்குப் பரிகாரம் உண்டோ? சகதர்மிணி பண்ணினா பாதி எனக்கும் சேருமோ?" என்று கேட்டார்.

அந்த நிமிடத்திலிருந்து மாமி அவரோடு பேசவில்லை. குஸ்கோ நகரில் பேசவில்லை. மலை மேல் இருந்த இன்கா நகரத்தில், உலகமே வாயைப் பிளந்து நிற்கும் இடத்தில், பேசவில்லை. உப்பு வெளியில் தனித்தனியாகப் படம் எடுத்துக்கொண்டார்கள். அவர் என்னிடம், "மிஸ்டர் குமாரவேலு, மாத்திரை எந்தப் பையில இருக்குன்னு அவகிட்ட கேளுங்கோ" என்பார். மாமி என்னிடம், "பச்சைப் பைன்னு சொல்லுங்கோ" என்பார். இருவருக்கும் நடுவில் சுமார் நாற்பது சென்டிமீட்டர் இருக்கும். அதில் நான் நிற்பேன்.

பதினாறாம் நாள், புதன்கிழமை. ஐந்து ஜீப்புகளில் பாலைவனத்தைக் கடந்துகொண்டிருந்தோம். கடல் மட்டத்திலிருந்து நாலாயிரத்து நானூறு மீட்டர் உயரம். மரம் கிடையாது, புல் கிடையாது, கைப்பேசிக்கு உயிர் கிடையாது. காலை எட்டு ஐந்துக்கு, காற்று அரித்துச் செதுக்கிய பாறைகள் நிற்கும் ஓர் இடத்தில் நிறுத்தினோம். அந்த உயரத்தில் தண்ணீர் சீக்கிரமே கொதித்துவிடும், ஆனால் சூடு போதாது. "சார், தண்ணி கொதிக்குது, டிகாஷன் எறங்க மாட்டேங்குது. இந்த ஊர்ல தண்ணிக்கே வெக்கம் இல்ல சார்" என்று அந்தோணி ஃபில்டரோடு மல்லுக்கட்டினார். ஒருவழியாகக் காபி வந்தது. எல்லோரும் குடித்தார்கள். ஒவ்வொருவராகப் பெட்டியில் வைத்தார்கள். நான் குழிகளை விரலால் தொட்டுச் சரிபார்த்தேன். இருபத்திரண்டு. பூட்டினேன். எட்டு முப்பதுக்குக் கிளம்பினோம்.

ஒன்பது ஐம்பதுக்கு, செந்நிற ஏரி ஒன்றின் கரையில் இருந்த வனக்காவல் சாவடியை அடைந்தோம். உள்ளே போக ஆளுக்கு ஒரு சீட்டு. காவலர் பாஸ்போர்ட்டுகளை ஒவ்வொன்றாகப் பிரித்து முகத்தோடு ஒப்பிட்டார். கடைசியில் ஒரு பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். நரசிம்மன் சாருடையது.

"இந்த ஆள் எங்கே என்று கேட்கிறார்" என்றார் எட்வின்.

"வண்டியில் இருப்பார்."

"வண்டிகளில் இல்லை."

"இருக்கிறார். பெட்டி பூட்டியிருக்கிறது."

இந்த இடத்தில் என் நாட்குறிப்பில் இருப்பதை அப்படியே சொல்ல வேண்டும். விருந்தில் பேசிய மூவரும் இதைச் சொல்லவில்லை, அவர்களுக்குத் தெரியாது. நான் பெட்டியைக் கொண்டுவரச் செய்தேன். காவலர் முன் திறந்தேன். நரசிம்மன் என்று பெயர் வெட்டிய டம்ளரை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். அவர் அதைத் திருப்பிப் பார்த்தார். உள்ளேயும் பார்த்தார். நான் எட்வினிடம், இந்த முறையில் ஒன்பது ஆண்டுகளாகத் தவறு நேர்ந்ததில்லை, ஆகவே ஆள் இங்கேதான் எங்கோ இருக்கிறார், சரியாகத் தேடச் சொல்லுங்கள் என்றேன். கழிப்பறையைத் திறந்து பார்த்தோம். ஜீப்பின் கூரையில் கட்டியிருந்த மூட்டைகளைக்கூட அவிழ்க்கச் சொன்னேன். காவலர் எட்வினிடம் மெதுவாக ஏதோ சொன்னார்.

"என்ன சொல்கிறார்?"

"டம்ளருக்குச் சீட்டு வேண்டாம் என்கிறார் சார்."

ஒன்பது ஐம்பத்தைந்திலிருந்து பத்து ஒன்பது வரை, பதினான்கு நிமிடங்கள், ஒரு மனிதர் இல்லை என்பதை நான் ஒப்புக்கொள்ளவில்லை.

முதல் ஜீப்பில்தான் அவர் வழக்கமாக உட்காருவார், அரசியல் பேச. அதில் இருந்த ஓய்வுபெற்ற வங்கி அதிகாரியிடம் கேட்டேன். அவர் நெளிந்தார்.

"மூணாவது வண்டியில மாமிகூட ஏறிட்டார்னு நெனச்சோம் சார். சமாதானம் ஆயிட்டாங்கன்னு ஒரே குஷி. முறுக்கு பாக்கெட் பிரிச்சுட்டோம்."

மாமி மூன்றாவது ஜீப்பின் அருகே நின்றிருந்தார். கணவர் முதல் வண்டியில் இருப்பதாகத்தான் மாமி நினைத்திருந்தார். பார்க்காமல் இருப்பதற்காக அந்தப் பக்கமே திரும்பாமல் இருந்திருக்கிறார்.

சாட்டிலைட் போனில் ஆபீஸைப் பிடித்தேன். பெங்களூரில் மாலை ஏழே முக்கால். கோபாலசாமி சார் இன்னும் மேஜையில்தான் இருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"பெட்டி?" என்றார்.

"பூட்டியிருந்தது சார்."

"இருபத்திரண்டும்?"

"இருபத்திரண்டும்."



"அப்ப யாரோ ஒருத்தர் ரெண்டு டம்ளர் வெச்சிருக்காங்க. யாருன்னு கேளுங்க. கோவிச்சுக்காம கேளுங்க."

நான் போனைக் காதில் வைத்தபடியே திரும்பிக் கேட்டேன். இருபத்தொரு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"நான்தான்" என்றார் பங்கஜம் மாமி. "அவர் டம்ளர் அந்தப் பாறை மேல தனியா இருந்துது. பேசலைன்னா என்ன, எச்சல் டம்ளரை அப்படியே விட்டுட்டு வர முடியுமா? நாப்பத்தோரு வருஷமா நான்தானே அலம்பறேன். கை பாட்டுக்கு எடுத்துடுத்து. ரெண்டையும் அலம்பி வெச்சுட்டேன்."

கூட்டத்தில் இருந்த மற்ற எட்டு மனைவிகளும் பெட்டியைப் பார்த்தார்கள். அவர்களில் எத்தனை பேர் தினமும் இரண்டு டம்ளர் வைத்தார்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியம் இல்லை என்று அவர்கள் நின்ற விதமே சொன்னது. ஒன்பது ஆண்டுகளாக நான் எண்ணியது ஆட்களை அல்ல.

"போனை அந்தம்மாகிட்ட குடுங்க" என்றார் சார். மாமியிடம் அவர் கேட்டது ஒரே கேள்விதான். மாமி பதில் சொன்னது எனக்குக் கேட்டது.

"உக்காந்துண்டு இருக்க மாட்டார். நடப்பார். காலம்பற வர வழியில ரோட்டுக்கு மேற்கே, தள்ளி ஒரு கல் பட்டி தெரிஞ்சுது, லாமா அடைக்கிற மாதிரி. அங்கே எவ்வளவு தூரம்னு அப்பவே மனசுக்குள்ள கணக்குப் போட்டிருப்பார். ரோடு வழியா போக மாட்டார். நேர்கோட்டுல போவார்."

போன் என் கைக்கு வந்தது.

"மிஸ்டர் குமாரவேலு, அங்கே பன்னெண்டு மணிக்குக் காத்து கிளம்பும். அதுக்கப்புறம் கால் தடமும் தெரியாது, ஆளும் தெரியாது. இப்ப மணி பத்து பதினேழு. ஆக்ஸிஜன் சிலிண்டர் எடுத்துக்கோங்க. போங்க."

பத்து இருபதுக்கு ஒரு ஜீப்பைத் திருப்பினோம். ஓட்டியவர் ஃபெலிக்ஸ் என்ற முதியவர். எட்வின், நான், மாமி. மாமியை வர வேண்டாம் என்றேன். அவர் ஏற்கனவே முன் இருக்கையில் ஏறி உட்கார்ந்துவிட்டிருந்தார். நரசிம்மன் சாருக்கு ரத்த அழுத்தம் உண்டு. பத்து மணி மாத்திரை பச்சைப் பையில், மாமியின் மடியில் இருந்தது. வழி முழுக்க மாமி அந்தப் பையின் ஜிப்பைத் திறந்து மூடிக்கொண்டே இருந்தார்.

பதினொன்று இருபத்தைந்துக்குப் பாறைகளை அடைந்தோம். ஆள் இல்லை. கத்தினோம். நாலாயிரத்து நானூறு மீட்டரில் கத்தினால் மூச்சுதான் போகும், சத்தம் போகாது. மேற்கே ஜீப்பை விட்டார் ஃபெலிக்ஸ். நூறடி போவதற்குள் வண்டியை நிறுத்தினார். தொப்பியைக் கழற்றினார். இறங்கினார்.

தரையில் மூன்று கற்கள் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன.

அந்த மலைகளில் வழியோரம் தெய்வத்துக்குக் கல் அடுக்குவது வழக்கம். பார்த்தவர் இறங்கித் தானும் ஒரு கல் வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். ஃபெலிக்ஸ் ஒரு கல் வைத்தார். ஏறினார். இன்னும் கொஞ்சத் தூரத்தில் மீண்டும் மூன்று கற்கள். மீண்டும் தொப்பி.

"போன வாரம் இவை இங்கே இல்லை என்கிறார்" என்று மொழிபெயர்த்தார் எட்வின். அவருடைய குரலும் கொஞ்சம் இறங்கியிருந்தது. "தெய்வமே புதிதாக வைத்திருக்கிறது என்கிறார்."

"தெய்வமும் இல்லை, பூதமும் இல்லை" என்றார் மாமி தமிழில். "நூறு அடிக்கு ஒரு கல்லு. சர்வேயர் வெச்சது. ஓட்டச் சொல்லுங்கோ!"

ஃபெலிக்ஸ் ஒப்புக்கொள்ளவில்லை. வைத்தவர் யாராக இருந்தாலும் கல் கல்தான் என்றார். ஆகவே நாங்கள் ஒவ்வொரு அடுக்குக்கும் நின்றோம். நாலாவது அடுக்கிலிருந்து, நேரத்தைச் சேமிக்க, மாமி வண்டி நிற்பதற்கு முன்பே குதித்து இறங்கிக் கல் வைத்துவிட்டு ஏறினார். பதினைந்தாவது அடுக்குக்குப் பிறகு எண்ணுவதை நான் நிறுத்திவிட்டேன். நான் எண்ணுவதை நிறுத்திய சந்தர்ப்பங்கள் குறைவு. கற்கள் போகப்போக மூன்று இரண்டாயிற்று. பிறகு ஒன்று. பிறகு கற்களுக்கு நடுவே கால் தடம் நேர்கோட்டை விட்டு வளையத் தொடங்கியது. மாமி அதைப் பார்த்தார். பச்சைப் பையின் ஜிப் சத்தம் நின்றது.

மேற்கே தூசு எழும்ப ஆரம்பித்திருந்தது.

பதினொன்று ஐம்பத்திரண்டுக்கு அவரைக் கண்டோம். கல் பட்டியின் சுவரோரம், காற்றுக்கு மறைவாக உட்கார்ந்திருந்தார். உதடு நீலமாக இருந்தது. எழுந்திருக்க முயன்றார், முடியவில்லை. எங்களைப் பார்த்துச் சொன்ன முதல் வார்த்தை:

"நாலாயிரத்து இருநூத்திப் பத்து அடி. நடுவுல ஒரு தடவை விட்டுப்போச்சு. பத்து அடி கூடக் குறைய இருக்கலாம்."

நான் ஆக்ஸிஜன் குழாயை அவர் மூக்கில் வைத்தேன். மாமி ஒரு வார்த்தை பேசவில்லை. தன் கம்பளிச் சால்வையை அவிழ்த்து அவர் தலையைச் சுற்றி, காதை மூடி, தாடைக்குக் கீழே முடிச்சுப் போட்டார். மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் ஊற்றினார். பிறகு அவருடைய இரண்டு கைகளையும் தன் கைகளுக்குள் வைத்துத் தேய்த்துக்கொண்டே இருந்தார். நரசிம்மன் சார் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார், பேசத் துணியவில்லை. கால் மணி நேரத்தில் உதட்டில் நிறம் வந்தது. அப்போது என்னைத்தான் கேட்டார்.

"பாறையோட உயரம் ஏழு மீட்டர்னு அந்த எட்வின் பையன் சொன்னானே. நிழலை அளந்து பார்க்கலாம்னு பின்னால போனேன். ஆறு மீட்டர் கூட வரலை. டம்ளரைப் பாறை மேல வெச்சுட்டுத்தான் போனேன், மிஸ்டர் குமாரவேலு. அது வராம பெட்டியைப் பூட்ட மாட்டேள், பூட்டாம கிளம்ப மாட்டேள்னு தைரியம். எப்படிக் கிளம்பினேள்?"

நடந்ததைச் சொன்னேன். பதினான்கு நிமிடங்களையும் சொன்னேன். சொல்லாமல் விட்டிருக்கலாம். ஆனால் அவர் கடிகாரம் கட்டியிருந்தார். ஐம்பத்தெட்டு கிலோமீட்டருக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று கணக்குப் போடத் தெரிந்தவர். தவிர, மன்னிப்பு கேட்க வேண்டுமென்றால் எதற்கென்று சொல்லித்தானே கேட்க வேண்டும்.

அவர் யோசித்தார்.

"பெட்டியில இருபத்திரண்டு இருந்துதோன்னோ?"

"இருந்தது சார்."

"அப்ப நீங்க வாதாடினது சரிதான்" என்றார் நரசிம்மன் சார். "ரெக்கார்டு அப்படித்தானே சொல்றது."

என் உத்தியோக வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த மன்னிப்புகளில் என்னை மிகவும் குன்றவைத்தது அதுதான். மாமி என்னை ஒரு பார்வை பார்த்தார். அவரையும் அதே பார்வை பார்த்தார். பிறகு இருவரும் பின் இருக்கையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, சாவடி வரை ஒரு வார்த்தை பேசாமல் வந்தார்கள். அவர் கை மாமியின் கைக்குள்தான் இருந்தது. வெளியே காற்று எங்கள் தடங்களை எல்லாம் துடைத்துக்கொண்டிருந்தது.

கோபாலசாமி சாரின் புதிய விதி மறுநாள் காலை சாட்டிலைட் போனில் வந்தது. நான் எழுதிக்கொள்ளும் வேகத்துக்கு மெதுவாகச் சொன்னார். "டம்ளரைக் குடித்தவரே கழுவ வேண்டும். குடித்தவரே பெட்டியில் வைக்க வேண்டும். மேலாளர் முகத்தைப் பார்த்து வாங்க வேண்டும். உறவுமுறை ஏற்கப்படாது."

பதினேழாம் நாள், வியாழக்கிழமை, காலை ஏழு மணி. விடுதி முற்றத்தில் காபி முடிந்ததும் விதியை உரக்கப் படித்தேன். ஒன்பது கணவர்கள் தங்கள் கையில் இருந்த டம்ளர்களைப் புதிதாகப் பார்ப்பது போலப் பார்த்தார்கள். அவர்களில் ஒருவர் ஒரு மாவட்டத்தையே நிர்வகித்தவர். ஒருவர் அணை கட்டியவர். மேலே மெல்லிய ஐஸ் படிந்திருந்த வாளியின் முன்னால் அவர்கள் வரிசையில் நின்றார்கள். மனைவிமார் ஒன்பது பேரும் ஜீப்புகளில் ஏறி, கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, படம் பார்ப்பது போல உட்கார்ந்துகொண்டார்கள்.

"சார், ஒரு டம்ளருக்கு ஒரு பக்கெட் தண்ணி போவுது சார்" என்றார் அந்தோணி. "ஒருத்தர் சோப்பு எந்தப் பக்கம் போடணும்னு கேக்கறாரு."

வங்கி அதிகாரி மூன்று முறை கழுவினார். அணை கட்டியவர் விரல் மரத்துப்போய் டம்ளரை வாளிக்குள்ளேயே தவறவிட்டார். ஏழு முப்பதுக்குக் கிளம்பியிருக்க வேண்டும். ஏழு ஐம்பதுக்கு இருபத்தொரு குழிகள் நிறைந்தன.

கடைசியாக நரசிம்மன் சார் வந்தார். தலையில் மாமியின் சால்வை இன்னும் இருந்தது. டம்ளரை என்னிடம் நீட்டினார். முகத்தைப் பார்த்து வாங்கப் போனேன். மூன்றாவது ஜீப்பின் கண்ணாடி கிறீச்சென்று இறங்கியது.

"அடியில தேய்க்கவே இல்லை" என்றார் பங்கஜம் மாமி.

நரசிம்மன் சார் மெல்லத் திரும்பினார். பன்னிரண்டு நாட்களுக்குப் பிறகு மாமி நேராக அவரிடம் சொன்ன முதல் வார்த்தை அதுதான். நடுவில் நான் தேவைப்படவில்லை.

"எங்கே?" என்றார்.

"திருப்பிப் பாருங்கோ. காபிக் கறை அப்படியே இருக்கு. இங்கேர்ந்து தெரியறது."

அவர் டம்ளரைத் திருப்பிப் பார்த்தார். தேவைக்கு மேல் நேரம் எடுத்துப் பார்த்தார். பிறகு அதை மார்போடு அணைத்துக்கொண்டு வாளியை நோக்கி ஓடினார். அந்த உயரத்தில், அதுவும் முந்தைய நாள் ஆக்ஸிஜன் வைத்த ஒருவர், ஓடவே கூடாது. நான் தடுக்கவில்லை.